துணியில் வெந்த பட்சணம்

ஒரு தேசத்தை அறிய வேண்டுமானால் அதன் சரித்திரப் புத்தகங்களைப் படிக்க வேண்டும் என்று பண்டிதர்கள் சொல்வார்கள். நாமும் வெகு காலம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தோம். கிளாஸ்கோ நகரத்தில் ஒரு பாட்டியின் அடுப்பங்கரையில் ஒரு சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்திருந்த பிறகு அந்த நம்பிக்கை சற்று ஆட்டங்கண்டுவிட்டது. சரித்திரப் புத்தகத்தில் இல்லாத ஸ்காட்லாந்து அன்று ஒரு பழைய துணிக்குள் இருந்தது. நாலு மணி நேரம் கொதிக்கும் நீரில் வெந்து, பிறகு ஒரு தட்டில் வந்து உட்கார்ந்தது. அதைப் பற்றித்தான் இந்த வாரம் வாசகர்களுக்குச் சொல்லப் போகிறோம்.

2004-ம் வருஷத்தில் மேற்படிப்பை முன்னிட்டு அந்த நகரத்தில் சில மாதங்கள் தங்க நேர்ந்தது. நமக்கு அறை வாடகைக்குக் கொடுத்தவர் தனியாக வசித்துவந்த ஒரு விதவைப் பாட்டி. நவம்பர் மாதத்தில் ஒரு நாள் அவர் நம்மைக் கூப்பிட்டு, "வருகிற சனிக்கிழமை எனக்கு எழுபத்தொன்று பூர்த்தியாகிறது. டம்ப்ளிங் செய்யப் போகிறேன். உனக்கு வேறு வேலை இருந்தால் தள்ளிப் போடு. கிளறுவதற்கு ஆள் வேண்டும்" என்றார்.

அந்தப் பலகாரத்தின் முழுப் பெயர் 'க்ளூட்டி டம்ப்ளிங்'. ஸ்காட்லாந்து ஜனங்களின் பாஷையில் 'க்ளூட்' என்றால் துணி. டம்ப்ளிங் என்பது நமது கொழுக்கட்டைக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே, துணிக் கொழுக்கட்டை! ஆனால் ஒரு கொழுக்கட்டை இருபது பேருக்குப் போதுமான பருமன் என்பதை மட்டும் வாசகர்கள் மறந்துவிடக் கூடாது.

நமக்கு வந்த தர்மசங்கடம்

ஆரம்பத்திலேயே ஒரு தர்மசங்கடம் நேர்ந்தது. இந்தப் பட்சணத்தில் சம்பிரதாயப்படி சேரும் பொருள் மாட்டுக் கொழுப்பு. துருவிய கொழுப்பு மாவில் கலந்து உருகினால்தான் உள்ளே மெத்தென்று இருக்கும் என்பது சாஸ்திரம். நாமோ மரக்கறி உணவுக்காரர். பாட்டியிடம் இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் விழித்துக்கொண்டிருந்தோம்.

கடைசியில் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். "இதற்கா இவ்வளவு யோசனை? மேல் மாடியில் பஞ்சாபிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பம் இருக்கிறதே, அவர்களுக்கும் அந்தக் கொழுப்பு ஆகாது. இருபது வருஷமாக நான் கடையில் விற்கும் தாவரக் கொழுப்பைத்தான் போடுகிறேன். அவர்களுக்குக் கொடுக்க முடியாத டம்ப்ளிங் எனக்கு எதற்கு?" என்றார்.

அண்டை வீட்டாருக்குக் கொடுப்பது என்பது இந்தப் பலகாரத்தின் உயிர்நாடி. கிளாஸ்கோவின் பழைய வீடுகள் மூன்று நான்கு அடுக்குகளாகக் கல்லில் கட்டியவை. ஒரே மாடிப்படிக்கு எட்டுக் குடும்பங்கள் சொந்தம். 1911-ம் வருஷத்துக் குடிக்கணக்கின்படி ஸ்காட்லாந்து ஜனங்களில் ஏறக்குறைய பாதிப்பேர் ஒரே அறை அல்லது இரண்டு அறை கொண்ட வீடுகளில்தான் வாழ்ந்தார்கள். சமையல், சாப்பாடு, படுக்கை எல்லாம் ஒரே இடம். சமையலறைச் சுவரிலேயே ஒரு மாடம் போல் அமைத்து அதற்குள் கட்டிலைப் போட்டிருப்பார்கள். அந்த நகரத்தில் பக்ளூ தெருவில் அத்தகைய வீடு ஒன்றைப் பொருட்காட்சிச்சாலையாக வைத்துக் காப்பாற்றுகிறார்கள். டைப்பிஸ்டாக வேலை பார்த்த ஆக்னஸ் டோவர்ட் என்ற பெண்மணி 1911-லிருந்து 1965 வரையில் அங்கே குடியிருந்தார். எதையும் தூக்கி எறியாத சுபாவம் அவருக்கு. கரி அடுப்பும், கரித் தொட்டியும், சுவர்க் கட்டிலும் இருந்தபடியே இருக்கின்றன. அப்படிப்பட்ட வீட்டில் ஒருவர் அடுப்பில் லவங்கப்பட்டை வாசனை எழும்பினால், எட்டுக் குடும்பங்களுக்கும் சமாசாரம் எட்டிவிடும். கொடுக்காமல் தப்புவதெப்படி?

பாகம் செய்யும் முறை

சனிக்கிழமை காலையில் பாட்டி ஒரு பெரிய பீங்கான் தாம்பாளத்தில் கோதுமை மாவையும் ரொட்டித் தூளையும் கொட்டினார். அதில் சர்க்கரை, கொழுப்பு, சோடா உப்பு, லவங்கப்பட்டைப் பொடி, சுக்குப் பொடி, ஜாதிக்காய் எல்லாம் விழுந்தன. பிறகு உலர்ந்த திராட்சையில் இரண்டு ஜாதி. ஓர் ஆப்பிளையும் ஒரு காரட்டையும் துருவிப் போட்டார். கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சுகிற கறுத்த பாகை, ஒரு கரண்டியை வெந்நீரில் முக்கி எடுத்து ஒட்டாமல் ஊற்றினார். முட்டையும் மோரும் சேர்த்தார். முட்டை விஷயத்தில் நாம் கண்ணை மூடிக்கொண்டோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

கிளறுவது நமது வேலை. வீட்டிலுள்ளவர்கள் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது கிளறவேண்டும் என்பது வழக்கம். கிளறும்போது மனத்தில் ஏதாவது நினைத்துக்கொள்ளலாம்; வாய் திறந்து சொல்லக் கூடாது.

அதற்குப் பிறகு வந்தது துணி. ஒரு மேஜை அறையிலிருந்து பாட்டி அதை எடுத்த விதத்தைப் பார்த்தால், நம் வீடுகளில் பூஜைப் பெட்டியிலிருந்து பட்டை எடுப்பதுபோல் இருந்தது. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். இப்போது தேநீரின் நிறம். ஓரங்களில் இரண்டு இடங்களில் ஒட்டுப் போட்டிருந்தது.

அந்தத் துணியைக் கொதிக்கும் நீரில் முக்கிப் பிழிந்து மேஜைமேல் விரித்தார். அதன்மேல் உலர்ந்த மாவைத் தூவி, உள்ளங்கையால் ஒரே கனமாகப் பரப்பினார். இங்கேதான் கைத்திறம் இருக்கிறது. ஈரத் துணியில் படிந்த இந்த மாவுதான் கொதிக்கும்போது ஒரு தோலாக உறைந்து, உள்ளே தண்ணீர் புகாமல் காக்கிறது. மாவு படியாத இடத்தில் துணி ஒட்டிக்கொள்ளும், தோல் பிய்ந்துவிடும். தோல் பிய்ந்த டம்ப்ளிங்கைப் பார்த்தால், அந்த வீட்டு அம்மாளின் சாமர்த்தியத்தைப் பற்றி மாடிப்படியில் ஒரு வாரம் பேச்சு நடக்குமாம்!

கலவையை நடுவில் வைத்து, நாலு மூலைகளையும் சேர்த்துக் கயிற்றால் கட்டினார். "இறுக்கிக் கட்டினால் கல்லாகும், தளரக் கட்டினால் கஞ்சியாகும். அது உப்புவதற்கு இரண்டு விரல் இடம் விட வேண்டும்" என்றார். பாத்திரத்தின் அடியில் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் மூட்டையை இறக்கினார். துணி அடியில் பட்டுக் கருகாமல் இருக்க அந்தத் தட்டு.

அன்று அந்தச் சமையலறையில் நாம் கேட்ட சப்தம் இன்னும் காதில் இருக்கிறது. தண்ணீர் கொதிக்கக் கொதிக்க, அடித் தட்டு கடகடவென்று ஆடிக்கொண்டேயிருந்தது. நாலு மணி நேரமும் அந்த ஓசை நிற்கக் கூடாது. நின்றால் கொதி அடங்கிவிட்டது என்று அர்த்தம். கொதி அடங்கினால் துணிக்குள் தண்ணீர் இறங்கிவிடும். அவ்வப்போது பக்கத்தில் காயும் வெந்நீரைத்தான் ஊற்றலாம்; பச்சைத் தண்ணீர் கூடாது. "சிறு பெண்ணாக இருந்தபோது அந்தச் சப்தத்தைக் கேட்டுக்கொண்டே சுவர்க் கட்டிலில் படுத்திருப்பேன். தட்டு நின்றால் அம்மாவைக் கூப்பிட வேண்டும் என்பது எனக்கு உத்தியோகம்" என்றார் பாட்டி.

வெந்தபின் மூட்டையை எடுத்துக் குளிர்ந்த நீரில் ஒரு கணம் முக்கினார். நமக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. இட்லித் தட்டைக் கவிழ்த்துத் துணியின்மேல் தண்ணீர் தெளித்து உரிக்கிறார்களே நம் வீட்டு ஸ்திரீகள், அதே யுக்தி! ஐயாயிரம் மைலுக்கு அப்பால், ஒருவரையொருவர் அறியாத இரண்டு அடுப்பங்கரைகளில், துணியும் மாவும் ஒரே பாடத்தைத்தான் கற்றுக் கொடுத்திருக்கின்றன.

துணியை உரித்ததும் வெளுத்த, சுருக்கங்கள் விழுந்த ஒரு பெரிய உருண்டை வெளிப்பட்டது. அதை நெருப்பின் எதிரில் வைத்துத் திருப்பித் திருப்பிக் காயவைத்தால் தோல் பழுப்பேறிப் பளபளக்கிறது. இங்கிலீஷ்காரர்களின் கிறிஸ்துமஸ் புட்டிங்குக்கும் இதற்கும் வித்தியாசம் அந்தத் தோல்தான். அவர்களுடையது கிண்ணத்தில் ஆவியில் வேகும்; வாரக் கணக்கில் ஊறும்; பிராந்தி ஊற்றிக் கொளுத்திக் கொண்டுவருவார்கள். இது ஏழை வீட்டுப் பண்டம். அன்று செய்து அன்றே சாப்பிடுவது. மிஞ்சினால் மறுநாள் காலையில் துண்டு போட்டு வெண்ணெயில் வறுத்துக்கொள்வார்கள். தோல் யாருக்கு என்பதில் குழந்தைகளுக்குள் நடந்த யுத்தங்களைப் பற்றி எந்த ஸ்காட்லாந்துக் கிழவரைக் கேட்டாலும் ஓர் அத்தியாயம் சொல்லுவார்.

துணிக்குள் அடங்கிய உலகம்

இந்தச் சாதாரணப் பண்டத்துக்குள் எத்தனை தேசங்கள் அடங்கியிருக்கின்றன என்று யோசித்தால் பிரமிப்பாக இருக்கிறது. சிறிய கறுப்புத் திராட்சை கிரேக்க நாட்டுச் சரக்கு. கொரிந்து என்னும் ஊரின் பெயர்தான் இங்கிலீஷில் அதன் பெயராக மருவியது. லவங்கப்பட்டைக்குப் பெயர்போன இடம் இலங்கை. ஸ்காட்லாந்தின் குளிர்ந்த மண்ணில் இவற்றில் ஒன்றும் விளையாது.

சர்க்கரையின் கதை அவ்வளவு இனிப்பானதல்ல. கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் உள்ள கிரீனக் துறைமுகத்தில் 1765-ல் முதல் சர்க்கரை ஆலை ஏற்பட்டது. அந்தத் தொழில் அவ்வூரில் 1997 வரையில் நடந்தது. ஆரம்ப காலத்தில் அங்கே வந்த கச்சாச் சர்க்கரை மேற்கிந்தியத் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகள் விளைவித்தது. கிளாஸ்கோவின் பிரதான வீதிகளில் ஒன்றுக்கு இன்றைக்கும் ஜமெய்க்கா தெரு என்றே பெயர். அடிமை முறை ஒழிந்தபின் தோட்ட முதலாளிகளுக்குக் கூலியாட்கள் வேண்டியிருந்தது. எடின்பரோவை ஒட்டிய லீத் துறைமுகத்தில் பிறந்த ஜான் கிளாட்ஸ்டன் என்ற தோட்ட முதலாளியின் முயற்சியால், 1838-ல் கல்கத்தாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகள் கயானாவுக்குக் கப்பலேறினார்கள். பின்னர் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் போயின. நம்மவர்களுடைய வியர்வையும் அந்தத் துணி மூட்டையில் ஒரு சிட்டிகை கலந்திருக்கிறது என்று பாட்டியிடம் சொன்னோம். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எங்கள் பள்ளிக்கூடத்தில் இதை ஒருவரும் சொல்லவில்லை" என்றார் பிறகு.

இன்னொரு விந்தையும் உண்டு. கிறிஸ்துமஸை விமரிசையாகக் கொண்டாடும் தேசம் என்றுதான் ஸ்காட்லாந்தைப் பற்றி நாம் எண்ணியிருந்தோம். உண்மை வேறு. மதச் சீர்திருத்தக்காரர்கள் அந்தப் பண்டிகை வேதத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். 1640-ல் ஸ்காட்லாந்துப் பார்லிமெண்டு அந்த விடுமுறையையே சட்டத்தால் ஒழித்தது. மறுபடியும் பொது விடுமுறையானது 1958-ல்தான்! அதுவரையில் டிசம்பர் 25-ல் ஆலைச் சங்கு வழக்கம்போல் ஊதிற்று. ஆகவே துணிப் பட்சணம் வருஷப் பிறப்புக்கும் பிறந்த நாளுக்கும் உரியதாயிற்று. பிறந்த நாளுக்குச் செய்தால் அதற்குள் வெள்ளி மூன்று பென்னிக் காசுகளைக் காகிதத்தில் சுற்றி ஒளித்து வைப்பார்கள். மோதிரம் கிடைத்தால் விவாகம். பித்தான் கிடைத்த ஆண்பிள்ளைக்குப் பிரமசரியம். தையல் விரலுறை கிடைத்த பெண்ணுக்குக் கன்னி வாழ்வு. காசு கிடைத்தால் செல்வம். குழந்தைகள் எல்லாரும் செல்வத்தையே தேடுவார்கள் என்று சொல்லவேண்டியதில்லை.

எட்டாவது பிறந்த நாள்

தட்டு கடகடத்துக்கொண்டிருந்த அந்த நாலு மணி நேரத்தில்தான் பாட்டி துணியின் கதையைச் சொன்னார்.

அவர் பிறந்த ஊர் கிளைட்பாங்க். கப்பல் கட்டும் தொழிலாளரின் பட்டணம். தகப்பனாரும் அந்தத் தொழில்தான். 1941 மார்ச்சு மாதம் 13, 14 தேதிகளில் இரண்டு இரவுகள் ஜெர்மன் விமானங்கள் அந்த ஊரின்மேல் குண்டு பொழிந்தன. ஐந்நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். சுமார் 12,000 வீடுகளில் சேதமின்றித் தப்பியவை பத்துக்கும் குறைவு. பாட்டிக்கு அப்போது ஏழு வயது. சங்கு ஊதியதும் அவருடைய தாயார் கையில் கிடைத்த ரொட்டியை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, குழந்தைகளுடன் பதுங்கிடத்துக்கு ஓடினார். விடிந்து வந்து பார்த்தபோது வீடு இல்லை, தெருவும் இல்லை. சமையலறையிலிருந்து மிஞ்சியது ரொட்டி சுற்றிய அந்தத் துணி ஒன்றுதான். அதுதான் டம்ப்ளிங் துணி.

தகப்பனார் வேலையை விட முடியாமல் அங்கேயே தங்கினார். தாயும் குழந்தைகளும் கிராமாந்தரத்தில் ஓர் அத்தை வீட்டுக்குப் போனார்கள். நவம்பரில் எட்டாவது பிறந்த நாள் வந்தது. சர்க்கரைக்கு 1940 ஜனவரியிலிருந்து ரேஷன். ஆளுக்கு வாரம் 8 அவுன்ஸ். கொழுப்புக்கும் வெண்ணெய்க்கும் ரேஷன். திராட்சை கண்ணில் படுவதே அபூர்வம். தாயாரும் அத்தையும் ஆறு வாரம் சர்க்கரையில்லாமல் தேநீர் குடித்தார்களாம். அதைப் பிள்ளைகள் அப்போது கவனிக்கவேயில்லை. தோட்டத்துக் காரட் இனிப்புக்குப் பக்கபலமாக வந்தது. கொழுப்புக்குப் பதில் கொஞ்சம் மார்கரின். கடைக்காரர் ஒரு கைப்பிடி திராட்சையைப் பொட்டலத்தில் கட்டி ஒன்றும் பேசாமல் நீட்டினார். சனிக்கிழமை பஸ்ஸில் வந்த தகப்பனார் சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளி மூன்று பென்னிக் காசை எடுத்தார்.

"காசு என் துண்டில்தான் இருந்தது" என்றார் பாட்டி. "அதிர்ஷ்டம் என்று வெகு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நானே தாயானபின் தெரிந்தது. எந்தப் பக்கத்தில் காசு இருக்கிறதென்று கட்டுகிறவளுக்குத் தெரியாதா?"

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினி, 'சந்தோஷமான ஒரு நாள்' என்று வியாசம் எழுதச் சொன்னார். எட்டு வயதுப் பெண்ணுக்கு எழுத விஷயம் தேட வேண்டுமா? பலகை நிறைய எழுதினாள். அம்மா 'க்ளூட்'டை விரித்தாள், 'க்ளூட்'டைக் கட்டினாள், எங்கள் 'க்ளூட்' குண்டுக்கும் தப்பியது என்று எழுதினாள். உபாத்தியாயினி அந்தச் சொல் வந்த இடமெல்லாம் கோடு கிழித்தார். 'க்ளூட்' என்பது சொல் அல்ல, கொச்சை. இங்கிலீஷில் துணிக்குரிய சொல்லைச் சொல் என்றார். "ஆனால் அது க்ளூட்தானே, டீச்சர்!" என்றாள் குழந்தை.

ஸ்காட்லாந்துப் பள்ளிக்கூடங்களில் அக்காலத்தில் பிரம்பு கிடையாது; நுனியில் பிளந்த தோல் வார் உண்டு. அரசாங்கப் பள்ளிகளில் அது நின்றது 1987-ல்தான். எட்டு வயதுக் குழந்தையின் இரண்டு உள்ளங்கையிலும் அந்த வார் இறங்கிற்று. எதிர்த்துப் பேசியதற்காக.

"வலி அன்றைக்கே போய்விட்டது" என்றார் பாட்டி. "ஆனால் அன்றிலிருந்து எனக்கு இரண்டு பாஷை. பள்ளிக்கு ஒன்று, அடுப்படிக்கு ஒன்று. என் பெண்ணுக்கு நான் அடுப்படிப் பாஷையைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளுக்கும் அடி விழக் கூடாதென்று நினைத்தேன். அவள் இப்போது கனடாவில் இருக்கிறாள். மிக நன்றாக இங்கிலீஷ் பேசுகிறாள். என் அம்மா பேசியதை அவளிடம் பேச எனக்கு வார்த்தை வருவதில்லை."

இது ஒரு குழந்தைக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1872-ல் ஸ்காட்லாந்தில் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தபோது, மலைநாட்டாரின் கேலிக் பாஷையைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. தாழ்நிலத்தாரின் ஸ்காட்ஸ் பாஷையோ கெட்டுப்போன இங்கிலீஷ் என்றே கருதப்பட்டது. 1946-ல் கல்வி ஆலோசனைச் சபையார் வெளியிட்ட அறிக்கையும், படித்தவர்களின் பாஷை அதுவல்ல என்று தீர்ப்பளித்தது. இத்தனைக்கும் ராபர்ட் பர்ன்ஸ் என்னும் மகாகவி அந்தப் பாஷையில்தான் பாடினார்! வருஷத்தில் ஒரு நாள் கவியைக் கொண்டாடிவிட்டு, மற்ற நாட்களில் அவருடைய பாஷையைப் பேசிய குழந்தைகளைத் தண்டித்தார்கள்.

ஆனாலும் ஒரு சொல்லை மட்டும் எந்த வாராலும் அழிக்க முடியவில்லை. துணியில் வெந்த அந்தப் பட்சணத்தைச் சாப்பிட ஆசைப்பட்டவர்கள் எல்லாரும் அதன் பெயரைச் சொல்லியே தீரவேண்டியிருந்தது. இங்கிலீஷில் அதற்கு வேறு பெயர் இல்லை. இன்று பெரிய கடைகளில் மெழுகுத்தாளில் சுற்றி விற்கும் டம்ப்ளிங்கின்மேலும் 'க்ளூட்டி' என்றே அச்சிட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் துரத்திய சொல்லுக்கு அடுப்படி அடைக்கலம் கொடுத்தது. இதை அறிந்துதானோ என்னவோ, ஆர்க்னித் தீவில் பிறந்தவரும், ஸ்காட்லாந்தின் சுயாட்சி இயக்கத்தில் உழைத்தவருமான மேரியன் மக்நீல் என்ற அம்மையார், தம் தேசத்தின் சமையல் முறைகளைத் திரட்டி 1929-ல் ஒரு நூலாக வெளியிட்டார். சுதேசியம் அடுப்படியிலும் இருக்கிறது என்பதை அந்த அம்மையார் நன்றாக அறிந்திருந்தார்.

நாம் கிழித்த கோடு

அன்று மாலை பாட்டி டம்ப்ளிங்கைத் துண்டு போட்டார். தட்டுகளை ஏந்திக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கியது நாம்தான். பஞ்சாபிக் குடும்பத்துக் குழந்தை கதவைத் திறந்ததும், "க்ளூட்டி டம்ப்ளிங்!" என்று கத்திற்று. அந்தச் சொல் அந்தக் குழந்தையின் வாயில் எவ்வளவு இயல்பாக வந்தது!

இந்தக் கதையை இத்துடன் முடித்துவிட்டால் நமக்குக் கௌரவமாக இருக்கும். ஆனால் முடிக்க இயலவில்லை.

தாய்நாடு திரும்பி உபாத்தியாயர் தொழிலில் அமர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. ஆறாம் வகுப்புக் குழந்தைகளின் வியாசங்களைத் திருத்திக்கொண்டிருந்தோம். தென் ஜில்லாவிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு சிறுமி, 'எங்கள் வீட்டு விருந்து' என்ற வியாசத்தில், 'உம்மா ஆணம் காய்ச்சினாள்' என்று எழுதியிருந்தாள். நம் கை யோசிக்கவேயில்லை. 'ஆணம்' என்பதன்மேல் சிவப்பு மசியால் கோடு கிழித்து, மேலே 'குழம்பு' என்று எழுதிற்று.

அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தபோதுதான் கிளாஸ்கோப் பாட்டியின் உள்ளங்கைகள் நினைவுக்கு வந்தன. எழுந்து போய்த் தமிழ் லெக்ஸிகனைப் புரட்டினோம். 'ஆணம்' அங்கே சௌகரியமாக உட்கார்ந்திருந்தது! குழம்பு என்று பொருளும் போட்டிருந்தது. மறுநாள் அந்தச் சிறுமியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தோம். அதற்குள் அவள், "இனிமேல் குழம்பு என்றே எழுதுகிறேன்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நமக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பின்னால் கூப்பிடத் தைரியம் வரவில்லை.

பாட்டிக்கு ஒரு கடிதம் எழுதினோம். நம் குற்றத்தை ஒளிக்காமல் எழுதினோம். மூன்று வாரத்தில் பதில் வந்தது. வழக்கமாக அவருடைய கடிதங்கள் பள்ளிக்கூட இங்கிலீஷில், வரி தவறாமல் இருக்கும். இந்தக் கடிதம் முழுவதும் அடுப்படிப் பாஷையில் இருந்தது. இரண்டு வரிக்கு ஒரு முறை நாம் அகராதியைத் தேட வேண்டியிருந்தது. சாரம் இதுதான்: "உடனே போய் அந்தக் குழந்தையிடம் சொல். தனியாகச் சொல்லாதே; வகுப்பு முழுவதும் கேட்கும்படி சொல். என்னை எல்லார் முன்னிலையிலும்தான் அடித்தார்கள். தான் செய்தது தவறு என்று அந்த உபாத்தியாயினி ஒரு நாள் வந்து சொல்லுவாள் என்று நான் பள்ளியை விடும்வரையில் காத்திருந்தேன்."

மறுநாள் கரும்பலகையில் 'ஆணம்' என்று பெரிதாக எழுதினோம். அது நல்ல தமிழ்ச் சொல் என்றும், அதை அடித்தது நம்முடைய அறியாமை என்றும் வகுப்பாரிடம் சொன்னோம். அந்தச் சிறுமி ஒன்றும் பேசவில்லை. ஆனால் அடுத்த வாரத்து வியாசத்தில் 'ஆணம்' இரண்டு இடத்தில் வந்திருந்தது. அதில் ஓரிடத்தில் அதற்கு அவசியமேயில்லை! நாம் அதைத் திருத்தவில்லை.

அதன்பின் நாம் ஒரு விரதம் எடுத்துக்கொண்டோம். குழந்தை வீட்டிலிருந்து கொண்டுவரும் சொல்லின்மேல் கோடு கிழிப்பதில்லை. பொது வழக்கிலுள்ள சொல் தெரிய வேண்டுமானால் அதைப் பக்கத்தில் எழுதுகிறோம். குழந்தைக்கு இரண்டு சொல் கிடைக்கிறது, ஒன்றும் போவதில்லை.

ஸ்காட்லாந்திலும் காலம் மாறித்தான் இருக்கிறது. 2011-ம் வருஷத்துக் குடிக்கணக்கில் முதன்முறையாக ஸ்காட்ஸ் பாஷையைப் பற்றிக் கேட்டார்கள். பதினைந்து லட்சம் பேருக்கு மேல், தாங்கள் அதைப் பேசுவதாகச் சொன்னார்கள். 2025-ல் அத்தேசத்துப் பார்லிமெண்டு கேலிக், ஸ்காட்ஸ் ஆகிய இரண்டு பாஷைகளுக்கும் சட்ட அந்தஸ்து அளித்தது. பாட்டி அதைப் பார்க்க உயிரோடு இல்லை. அவருடைய துணி கனடாவிலுள்ள பேத்தியிடம் போய்ச் சேர்ந்தது. சென்ற வருஷப் பிறப்புக்கு அந்தப் பெண் நமக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். தட்டின்மேல் ஒரு டம்ப்ளிங். ஒரு பக்கத்தில் தோல் பிய்ந்திருந்தது. மாவை ஒரே கனமாகத் தூவப் பழகவில்லை போலும். ஆனால் படத்தின் கீழே 'க்ளூட்' என்ற சொல்லைப் பிழையில்லாமல் எழுதியிருந்தாள்.